x = 2-இல் எவ்வளவு வேகம்?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் பிளஸ் ஒன் கணக்கு உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு புள்ளியில் சார்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்பதை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வகையிடல் சூத்திரங்களைக் கொஞ்சம் தள்ளிப் போடு. முதலில் பிள்ளைகள் எண்ணைப் போட்டுப் பார்க்கட்டும்.

x³-ஐ எடுத்துக்கொள். x = 2-இல் மாறுவீதம், அதாவது அந்த ஏறும் வேகம், வேண்டும். 2-இலிருந்து 2.1 வரை பார்த்தால் (9.261 − 8)/0.1 = 12.61. 1.9-இலிருந்து 2 வரை பார்த்தால் 11.41. சரியான விடை 12. போகப் போகச் செங்குத்தாகும் வளைவு என்பதால் வலப்பக்கம் கூடுதலாகவும் இடப்பக்கம் குறைவாகவும் வருகிறது. இரண்டு பக்கமும் சமதூரம் எடுத்து (9.261 − 6.859)/0.2 என்று வகுக்கச் சொல், 12.01 வரும். இடைவெளியைப் பாதியாக்கினால் ஒருபக்க முறையில் பிழை ஏறக்குறைய பாதியாகும், இருபக்க முறையில் கால்வாசியாகும். அட்டவணைக் கணக்குகளுக்கும் இதுவே நல்ல வழி. முதல், கடைசி மதிப்புகளில் மட்டும் வேறு வழியில்லை, ஒருபக்கம்தான்.

இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகலாமா என்று எவனாவது கேட்பான். கேட்க வேண்டும்! 16 இலக்கம் வைத்துக்கொள்ளும் கணினியில் இடைவெளி h = 10⁻¹⁶ என்றால் 2 + h வெறும் 2 ஆகவே நிற்கும்; விடை பூஜ்யம். இருபக்க முறைக்கு 10⁻⁵ அளவோடு நிறுத்துவது நல்லது.

இந்த இருபக்க முறை ஏமாற்றும் இடமும் உண்டு. |x|-க்கு 0-இல் போட்டால் விடை 0 வரும். அங்கே வகைக்கெழுவே, அதாவது அந்தப் புள்ளிக்கென்று ஒரே மாறுவீதமே, கிடையாது. அதனால் இடப்பக்கம் −1, வலப்பக்கம் +1 என்று தனித்தனியாகவும் பார்க்கப் பழக்கு.

வரைபடத்தில் தொடுகோடு வரைந்தால், சாய்வுக்கான இரண்டு புள்ளிகளையும் அந்தக் கோட்டின் மேலேயே, தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். பலர் வளைவின் மேல் எடுத்துவிடுகிறார்கள். கட்டங்களை எண்ணுவதும் தப்பு. இரண்டு அச்சுக்கும் அளவுத்திட்டம் வேறாக இருக்கலாம். மாறுவீதம் −5 என்பது 2-ஐ விடச் சிறியது, ஆகவே மெதுவானது என்று எழுதுவார்கள். குறி திசையைச் சொல்கிறது, வேகத்துக்கு 5-ஐப் பார்க்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதியே போடு.

sin x-க்குப் போகும் முன் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பாகையில் இருந்தால் x = 0-இல் மாறுவீதம் 1-க்குப் பதில் 0.01745 வரும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முதல் தேர்வுத் தாள் திருத்தியதும் எழுது.

அன்புடன்,
செல்வம்