அராபஹோ தெரு முனையில் ஒரு பலகை

அம்மாடி,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. போனில் சொல்ல நினைத்து விட்டுப்போனதை எழுதுகிறேன்.

டென்வரில் நீ ஆபீஸ் போன பிறகு நான் நடக்கப் போவேன் அல்லவா, பதினைந்தாம் தெருவும் அராபஹோ தெருவும் சேரும் முனையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். சைலஸ் சோல் என்ற குதிரைப்படைக் கேப்டனை 1865 ஏப்ரல் 23 அன்று சுட்டுக் கொன்ற இடம் அது. சாகும்போது அவனுக்கு 26 வயது. உன்னைவிட மூன்று வயது சின்னவன். அன்றிலிருந்து அவனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கான்சாஸில் அடிமை முறை வேரூன்றக் கூடாது என்று மெய்ன் மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். தப்பி வரும் அடிமைகளை ஒளித்து வைத்து அனுப்பிய வீடு. 1859-ல் ஜான் டாய் என்ற மருத்துவரை, அடிமைகளுக்கு உதவியதற்காக மிசௌரியில் சிறையில் போட்டிருந்தார்கள். பத்துப் பேர் போனார்கள். குதிரைத் திருடனைப் பிடித்து வந்திருக்கிறோம், உள்ளே வையுங்கள் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்து, அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் சைலஸும் ஒருவன். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது, கொலராடோ படையில் சேர்ந்தான்.

அவனுடைய கர்னல் சிவிங்டன் ஒரு பாதிரியார். அவரும் அடிமை முறையை எதிர்த்தவர்தான். இதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு அநியாயம் கண்ணுக்குத் தெரிந்த மனிதருக்கு இன்னொன்று தெரியாமல் போகுமா?

1864 நவம்பர் 29, விடியற்காலை. சாண்ட் க்ரீக் ஓடைக்கரையில் ஷயான், அரபஹோ என்ற பூர்வகுடி மக்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். சமாதானம் பேசிவிட்டு, ராணுவத்தை நம்பித் தங்கியவர்கள். தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். சிவிங்டன் ஏறத்தாழ 700 வீரர்களோடும் பீரங்கிகளோடும் வந்து இறங்கினார். ஓடை மணலைக் கையால் தோண்டிக் குழிக்குள் பதுங்கினார்கள் அந்த ஜனங்கள். சுமார் 230 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான் அதிகம்.

சைலஸ் சுடச் சொல்லவில்லை. அவனுடைய கம்பெனி, அதாவது அவன் கீழிருந்த படைப்பிரிவு, துப்பாக்கியோடு குதிரை மேல் இருந்தது, ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இது வேண்டாம் என்று முந்தின நாளே கோட்டையில் வாதாடிப் பார்த்தவன் அவன்.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்று நினைக்கிறேன். பதினைந்து நாள் கழித்துத் தன் பழைய மேலதிகாரி வின்கூப்புக்குப் பார்த்ததையெல்லாம் எழுதினான். என் கம்பெனியைச் சுட விடவில்லை என்று அம்மாவுக்கும் எழுதினான். அந்தத் தாய் அதைப் படித்துவிட்டு எப்படித் தூங்கியிருப்பாளோ. 1865 பிப்ரவரியில் டென்வரில் விசாரணை நடந்தபோது சாட்சி சொன்னான். குறுக்கு விசாரணை செய்தது சிவிங்டனே. ஏப்ரல் 1-ல் கல்யாணம். அதிலிருந்து 22 நாள் கழித்து இரவில், எங்கோ துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதே என்று பார்க்கப் போனவனைத் தெருவில் வைத்துச் சுட்டார்கள். கொன்றவன் பிடிபட்டும் தப்பி ஓடிவிட்டான். சிவிங்டனுக்கும் எந்தக் கோர்ட்டும் தண்டனை கொடுக்கவில்லை.

உன் ஆபீஸின் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் உன் பக்கத்தில் உட்காருவதில்லை என்று சொன்னாய். விசாரணைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டாய். அன்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையனைச் செய்யாத தப்புக்காக வெளியே அனுப்பினார்கள். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கமிட்டி கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அப்போது நீ கைக்குழந்தை, வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பையன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அம்மாடி. ஆனாலும் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. கூப்பிட்டால் போ. பார்த்ததைப் பார்த்தபடி சொல். வேலை போனால் நம் வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

சைலஸின் கடிதம் 2000-ல் மறுபடியும் வெளியே வந்தது. ஷயான், அரபஹோ வம்சத்தார் வருஷா வருஷம் நவம்பரில் சாண்ட் க்ரீக்கிலிருந்து டென்வருக்கு ஓடி வந்து அவனுக்கும் மரியாதை செய்கிறார்கள். இந்த நவம்பரில் உன்னால் முடிந்தால் போய் நின்றுவிட்டு வா. நானும் வந்ததாக இருக்கட்டும்.

அப்பா