முள்ளைப் பிடுங்குகிற நாம்

கர்த்தருக்குள் அன்பான டேனியல்,

ஸ்தோத்திரம். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. உன் கடிதத்தை மேரியிடம் கொடுக்காமல் நானே இரண்டு தரம் படித்தேன். பேரனுக்கு ஞானஸ்நானம் என்ற செய்தியில் எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மனதை விட்டுப் போகாதது, நீ எழுதியிருந்த அந்த இளம் தம்பதியின் விஷயம்தான். “அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்” என்று வேதமே சொல்கிறதே என்று உன் முன்னாலேயே அவன் வாதாடினானாம். அவள் வாயே திறக்கவில்லையாம். அவனைவிட, அவனுக்கு அதைக் கட்டளையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

அது ஆதியாகமம் 3:16. ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியைப் புசித்த பிறகு, இனி என்னென்ன நேரும் என்று தேவன் அறிவிக்கிற இடம். பூமி முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்பதும் அதே பேச்சில்தான் வருகிறது. முள்ளைப் பிடுங்குகிறவனை தேவ சித்தத்துக்கு விரோதி என்று யாரும் சொல்வதில்லையே! அதே வசனத்தின் முன்பாதி பிரசவ வேதனையைச் சொல்கிறது. 1847-ல் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார். வேதத்தைக் காட்டி எழுந்த ஆட்சேபங்களுக்கு, விலா எலும்பை எடுக்குமுன் தேவன் ஆதாமுக்கு வரப்பண்ணின அயர்ந்த நித்திரையைக் காட்டி வேதத்திலிருந்தே பதில் எழுதினார். இன்று வேதனையைத் தணிப்பது பாவம் என்று எந்தச் சபையிலும் கேட்டதில்லை. முன்பாதிக்கு மருந்து தேடிக்கொண்டு, பின்பாதியை மட்டும் ஆணின் உரிமையாக வைத்துக்கொள்வது என்ன நியாயம்? ஆளுகையை தேவன் முதலில் இருவருக்கும் சேர்த்தல்லவா கொடுத்தார்!

அந்த அதிகாரத்தில் என்னை எப்போதும் நிறுத்திவிடுவது அத்தி இலைகள்தான். தேவனுடைய சத்தத்தைக் கேட்டு ஒளிவதற்கு முன்பே, அவர்கள் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறைந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஆதாம் பேசுவதைப் பார். “என் எலும்பில் எலும்பு” என்று பூரித்தவன், “தேவரீர் தந்த ஸ்திரீ” என்கிறான். அவள் மேலும் பழி, அவளைத் தந்தவர் மேலும் பழி. அவளோடேதான் நின்றான், அவனும்தான் புசித்தான். ஆனால் “நான் புசித்தேன்” என்ற பேச்சு மட்டும் கடைசியில்தான் வருகிறது. எத்தனையோ வீடுகளில் உறவு முறிகிற சத்தம் இதுதான், டேனியல். தவறு நடந்ததால் மட்டுமல்ல, அதை மற்றவர் தலையில் இறக்கிவைப்பதால்.

அப்புறம் எல்லாம் வேகமாகச் சரிகிறது. நாலாம் அதிகாரத்திலேயே லாமேக்கு இரண்டு பெண்களைக் கட்டிக்கொண்டு, அவர்கள் முன்னால் தன் கொலையைப் பெருமையாகப் பாடுகிறான். தன் சகோதரி தாமாரைக் கெடுத்த, தாவீதின் மகன் அம்னோனுக்கு, முன்பிருந்த ஆசையைவிட வெறுப்பே பெரிதாகிவிடுகிறது. அடுத்தவரை ஆளத் துடிக்கும் இந்தப் பசி ஆணுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்லவேண்டும். தன் அடிமைப்பெண் ஆகாரைத் தானே புருஷன் ஆபிராமிடம் கொடுத்த சாராய், பிறகு பழியை அவன்மேல் போட்டு, அந்த அடிமைப்பெண் ஓடிப்போகும்வரை வதைத்தாள்.

மனைவியை விலக்கிவிட எழுதிக்கொடுக்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றிக் கேட்டவர்களிடம் ஆண்டவர், “ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை” என்றார். நம் இருதயக் கடினத்தால் வந்ததை தேவனுடைய ஏற்பாடாக்க அவர் இடம் கொடுக்கவில்லை. விபசாரத்தில் பிடித்தோம் என்று பெண்ணை மட்டும் இழுத்துவந்தார்களே, நியாயப்பிரமாணம் இருவரையும் அல்லவா சொல்கிறது? அந்த ஆண் எங்கே? அவளை எறிய எடுத்த கல்லை அவர் கீழே போடவைத்தார்.

அந்தத் தம்பி மறுபடி வரும்போது 1 கொரிந்தியர் 7:4-ஐ அவன் வாயாலேயே சத்தமாக வாசிக்கச் சொல். மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்பதோடு பவுல் நிறுத்தவில்லை. புருஷனுடைய சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்கிறார். எபேசியர் 5-இலும் புருஷனிடம் கேட்பது, கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோன்ற அன்பு.

அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசவேண்டும். அவன் கை நீட்டுகிறானா என்று நேராகவே கேட்கவேண்டும். அப்படியானால் பொறுத்துப்போ என்று மட்டும் யாரும் சொல்லிவிடவேண்டாம். முதலில் அவள் பத்திரமான இடத்தில் இருக்கட்டும். உன்னிடம் சொல்லத் தயங்குவாள். மேரி அவளோடு பேசுகிறேன் என்கிறாள். எப்போது வரலாம் என்று உடனே எழுது.

கிறிஸ்துவுக்குள் உன்
சாமுவேல்