பாட்டைக் கேளுங்கள், நகலைக் கேட்காதீர்கள்

தமிழ்நாட்டில் கலை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் காவல்துறை, மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வடசென்னைக் கடற்கரையில் உள்ள ஒரு குப்பத்தில் எங்கள் பறைக்குழுவின் நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டும். அது ஏன் நடக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை முறை வந்தோம், எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு அனுப்பப்பட்டோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இந்த மடல்: அனுமதி கேட்டு வரும் கலைஞர்களிடம் பாடல் வரிகளின் நகலைக் கேட்காதீர்கள்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். தீயின் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவோம். விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறிவிட்டதா என்று காதோடு வைத்துக் கேட்போம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஓசை ஏறிய நேரத்தில் ஜீப் வந்து நின்றது. அனுமதி இல்லை என்றார்கள். காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டோம், தரவில்லை. நான் பதினைந்து ஆண்டுகளாகப் பறை அடிக்கிறேன். காய்ச்சிய பறையை ஓர் அடிகூட அடிக்காமல் உறையில் போட்டது அன்றுதான்.

சிக்கல் நான்கு வரிகளில் இருந்தது. அந்த நான்கு வரிகளையும் கட்டியவர் எங்கள் குழுவில் பாடும் ஓர் அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார். சிறுமியாக இருந்த நாளிலிருந்து அவருக்கு இதுதான் பிழைப்பு. அவர் பாட்டின் பொருள் இவ்வளவுதான்: முன்பு கொக்கு நின்ற சேற்றில் இன்று சாம்பல் நிற்கிறது, இறாலைத் தேடிப் போன கைக்கு எண்ணெய்தான் கிடைக்கிறது, இந்தக் கையை எந்தத் தண்ணீரில் கழுவுவேன்?

இதில் எது பொய்? கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பது ஊரறிந்த செய்தி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுவதும் பரவியதையும் நாடே பார்த்தது. அந்த எண்ணெயை முதலில் வாளியாலும் குவளையாலும் வெறுங்கையாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். அந்தக் கைகளில் ஒன்றுதான் இந்தப் பாட்டைக் கட்டியது.

மூன்று பிரதி கேட்டீர்கள், கொடுத்தோம். விளக்கம் சொல்ல வரச்சொன்னீர்கள், வந்தோம். அவரையும் அழைத்து வரவேண்டும் என்றீர்கள். கையால் இறால் பிடிப்பவர்கள் நீர் வற்றும் நேரத்தில்தான் இறங்க முடியும். அந்த நேரம் நம் அலுவலக மணிக்கு ஒத்துப்போகாது. பத்து மணிக்கு வந்து ஒரு மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அன்றைய வேலை போனது போனதுதான். ஐந்து முறை வந்தார், ஐந்து நாள் வருமானத்தை விட்டார். ஒவ்வொரு முறையும் துவைத்த புடவை கட்டிக்கொண்டுதான் வந்தார்.

ஒரு நாள், பாட்டில் இருந்த கொக்கு என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இது யாரைக் குறிக்கிறது என்று கேட்டார் ஓர் அதிகாரி. அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. கொக்கு என்றால் கொக்குதான் ஐயா, வெள்ளையாக இருக்குமே என்றார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக, ஆட்சேபத்துக்குரிய எதையும் பாடமாட்டேன் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைரேகை வைக்கச் சொன்னார்கள். மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தித் தாளில் வைத்தார். கறுப்பாக ஒரு திட்டு விழுந்ததே தவிர ரேகை தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மூன்றாவது முறையும் அதேதான். சேற்றிலும் சிப்பியிலும் அரித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? சரியாக வை என்று எழுத்தர் அதட்டினார். பாட்டே அந்த விரலைப் பற்றித்தான். அந்த மூன்று கறுப்புத் திட்டுகளும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

நாடகப் பிரதியையும் பாட்டு வரியையும் முன்கூட்டி வாங்கிப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வெள்ளையர் ஆட்சி 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டம் அதன் மூலம். தியாகி விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் மேடையேறி வெள்ளைக் கொக்கைப் பாடியபோது, அந்தக் கொக்கு யார் என்று கூட்டத்துக்கும் தெரியும், காத்திருந்த போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றும் பாடுவதை நிறுத்தாத அவர், 1940 டிசம்பர் 31 இரவு மேடையிலேயே உயிர்விட்டார். இன்று அவருக்கு மணிமண்டபம் கட்டி மாலை போடுகிறோம். அவர் காலத்தில் கொக்குக்கு வேறு பொருள் இருந்தது. எங்கள் அம்மாவின் பாட்டில் வெறும் கொக்கு மட்டுமே இருக்கிறது, அதற்கும் வட்டம்.

விடுதலைக்குப் பிறகாவது அந்தப் பழக்கம் போயிருக்கலாம். போகவில்லை. 1954இல் சென்னை மாநிலத்துக்கென்றே தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவை அடக்கத்தான் அது வந்தது என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. 2018இல் அது சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது. சட்டம் இரண்டும் போய்விட்டன, சிவப்பு மை மட்டும் எந்தச் சட்டத்தின் பெயரால் மேசைமேல் இருக்கிறது? இதைக் கேட்டபோது, வழக்கமாக வாங்குவதுதான் என்று பதில் வந்தது.

நீங்கள் எதையுமே கேட்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இடம் எது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், ஒலிபெருக்கி உண்டா, கூட்டம் எவ்வளவு வரும், ஆம்புலன்சுக்கு வழி இருக்குமா என்பதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள். அவற்றைக் கேட்பது உங்கள் கடமை, ஒளிக்காமல் சொல்வது எங்கள் கடமை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்தால் வந்து நிறுத்துங்கள், நாங்களே கம்பியைக் கழற்றித் தருகிறோம். பாட்டின் நகலை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் பறை உங்களுக்கு அந்நியமும் அல்ல. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்களைத்தான் அழைத்தீர்கள். டெங்கு வந்தாலும் எங்களைத்தான் அழைப்பீர்கள், தேர்தலில் வாக்குப்பதிவு கூடவேண்டும் என்றாலும் எங்களைத்தான். சந்தை வாசலிலும் பஸ் நிலையத்திலும் நடுவெயிலில் நின்று அடித்திருக்கிறோம். பையைத் தூக்கி எறியாதே, தண்ணீரைத் தேங்கவிடாதே என்று பாடியிருக்கிறோம். மனமுவந்துதான் பாடினோம், அவையும் வேண்டிய பாட்டுகளே. ஒரு நாளும் யாரும் எங்களிடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்டதில்லை. அந்தப் பாட்டுகளில் எல்லாம் தப்புச் செய்தவன் தெருவில் நிற்கும் சாதாரண மனிதன். பை எறிந்தவன் அவன், தொட்டியை மூடாதவன் அவன். அதே மனிதன், ஆற்றில் சாம்பலைக் கொட்டியது யார் என்று திருப்பிக் கேட்கும் பாட்டு வந்தவுடன் எங்கள் பறை சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிவிடுகிறது. விழிப்புணர்வு என்ற சொல்லை நாங்கள் உங்களிடமிருந்துதான் கற்றோம். ஏழையைப் பார்த்து விரல் நீட்டினால் மட்டும்தான் அது விழிப்புணர்வா?

இதில் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. பொங்கல் நேரத்தில் பூங்காவில் மேடை போட்டு, விளக்கு அலங்காரத்தோடு எங்களை ஆடவிட்டு, தமிழர் பண்பாடு என்று அறிவிப்பீர்கள். அந்த மேடையில் பறைக்குக் கிடைக்கும் மரியாதை எங்களுக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தீட்டு என்று ஒதுக்கிய கருவி அது, அந்த மேடைக்கு வரவே எத்தனை தலைமுறை ஆயிற்று. ஆனால் ஓசை மட்டும் வேண்டும், சொல் வேண்டாம் என்றால் அது என்ன மரியாதை?

பாட்டு வந்தால் ஊர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். நடந்தவற்றைப் பாருங்கள். கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தோடு வேலை செய்த தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் பாடிய ராப் பாட்டை இணையத்தில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டினால் மட்டும் கிடைத்த வெற்றி என்று சொல்வது அந்தத் தொழிலாளர்களின் நெடும் போராட்டத்துக்குச் செய்யும் அநியாயம். ஆனால் யாருக்கும் கேட்காமல் இருந்த குரலை அந்தப் பாட்டு ஊர் ஊராகக் கேட்கச்செய்தது. அதனால் எந்த ஊரில் கலவரம் வந்தது? 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று புறம்போக்கு என்ற சொல்லையே கர்நாடக ராகங்களில் பாடினார். வசைச்சொல் ஆகிவிட்ட அந்தச் சொல்லுக்கு, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம் என்ற பழைய பொருள் நினைவுக்கு வந்தது. அதனால் எந்தத் தெருவில் போக்குவரத்து நின்றது?

அடக்கிப் பார்த்த கதையும் இருக்கிறது. 2015 அக்டோபரில், மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனைத் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அதுவரை கேட்டிராதவர்களும் அதன்பின் அந்தப் பாட்டைத் தேடிப்போய்க் கேட்டார்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு புகழ் வேண்டாம். எங்கள் குழுவில் ஏழு பேர். ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறார், இருவர் படிக்கும் பிள்ளைகள், ஒருவர் மீன் விற்கிறார். வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்துக்கு அலையக் கூட எங்களிடம் நாள் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் எங்களைப் போன்றவர்களை அலையவிடுகிறீர்களோ என்று சில இரவுகளில் தோன்றுகிறது. அப்படி இருக்காது என்று நம்பவே விரும்புகிறேன். உங்களில் பலர் எங்கள் பறைக்குத் தாளம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: பாடல் வரிகளைக் கேட்கும் வழக்கம் இனி இல்லை என்று உங்களுக்குக் கீழே உள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச்சொல்லுங்கள், அதுவும் வைக்கோலைக் கொளுத்திய பிறகு வேண்டாம், இரண்டு நாளாவது முன்னதாக.

வரும் வாரம் அதே குப்பத்துக்கு, அதே நிகழ்ச்சிக்கு மறுபடியும் விண்ணப்பம் தருகிறோம். நாள், நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். பாட்டு இருக்காது. இந்த முறை கையெழுத்து நான் மட்டுமே போடுகிறேன். அந்த அம்மாவை அழைக்காதீர்கள், அவர் தண்ணீருக்குள் இருப்பார். பாட்டைக் கேட்க விரும்பினால் மாலை ஆறு மணிக்குக் குப்பத்துக்கு வாருங்கள். அவரே பாடுவார்.

இப்படிக்கு,
பறைக்குழுவின் சார்பில்,
பறை அடிக்கும் ஒருவன்