கறார் விலையா, பேரமா? பலகையை மாட்டுங்கள்

கிரெடிட் கார்டு பிரிவை நடத்தும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோவையில் ஒரு சின்ன மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். என்னிடம் மூன்று கிரெடிட் கார்டு இருக்கிறது. ஏழு வருடமாக எதற்கும் ஆண்டுக் கட்டணம் கட்டியதில்லை. அள்ளிச் செலவு செய்து தள்ளுபடி வாங்கும் அளவுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. வருடா வருடம் ஃபோன் செய்து ஒரு பொய் சொல்வேன், கட்டணம் போய்விடும். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்த மடல். அதைச் சொல்ல வைப்பது நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடப்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கார்டு எடுத்த மாதம் திரும்பி வரும்போது ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி வந்து உட்காரும்: ஆண்டுக் கட்டணம் 1,500. அதற்குக் கீழே 18 சதவீதம் ஜிஎஸ்டி, 270. பார்த்த அன்றே நான் ஃபோன் செய்துவிடுவேன். கட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் மரியாதை இருக்காது. முதலில் எடுப்பவர், "அது சிஸ்டத்தில் தானாக விழும் சார்ஜ் மேடம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்பார். "அப்படியா, சரி, கார்டை மூடிவிடுங்கள்" என்பேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பாட்டு ஓடும். பிறகு வேறொருவர் வருவார், குரலில் தேன் கலந்திருக்கும். இத்தனை வருட வாடிக்கையாளரை இழக்க மனமில்லை என்பார். இரண்டு நிமிடத்துக்கு முன்பு யாராலும் ஒன்றும் செய்ய முடியாத அதே சிஸ்டத்தில் இப்போது எனக்கென்று ஒரு ஆஃபர் தெரியும்.

ஆஃபரிலும் தரம் உண்டு. நல்ல நாளில் முழுக் கட்டணமும் திரும்பும். சில சமயம் கட்டணத்தைக் கட்டச் சொல்லிவிட்டு அதற்கு ஈடாகப் பரிசுப் புள்ளிகள் தருவீர்கள். இன்னும் சில சமயம், 90 நாளுக்குள் இத்தனை ஆயிரம் செலவு செய்தால் திருப்பித் தருகிறோம் என்பீர்கள். இந்த மூன்றாவதற்குத் தலையாட்டாதே என்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டியும் சேர்ந்து திரும்புமா என்று வாய்விட்டுக் கேட்கவும் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கு 1,500 திரும்பி, 270 மட்டும் அங்கேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் யாராவது என் மேஜைக்கு வந்து, "அக்கா, வேவர் ஆயிடுச்சு" என்றால் எனக்கு ஒரே பெருமையாக இருக்கும். பெருமை போன வருடம்தான் போயிற்று.

என் பெரியப்பா பொள்ளாச்சிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் உள்ள கார்டுகளில் ஒன்றையே, அதே வங்கியில், அவரும் வைத்திருக்கிறார். பென்ஷன் கணக்குள்ள கிளையில் ஒரு பையன் 'முதல் வருடம் இலவசம்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் வரியோடு 1,770 வீதம் கட்டியிருக்கிறார், மொத்தம் 5,310. ஸ்டேட்மென்ட்டை பேங்க் பாஸ்புக் மாதிரி கோப்பில் அடுக்கி வைத்திருப்பதால் எனக்குத் தெரிய வந்தது. ஒரு மாதம்கூடத் தவணை தவறியதில்லை, ஒரு ரூபாய் வட்டி விழுந்ததில்லை.

வருடத்துக்கு இரண்டரை லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்பது அந்தக் கார்டின் விதி. அவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் எட்டியிருக்க முடியாது. இன்சூரன்ஸ் பிரீமியம், பெட்ரோல் இரண்டும் கணக்கில் சேராது. கரண்ட் பில், பெரியம்மாவின் மருந்து, பேரன் பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிள் என்று மிச்சத்தைக் கூட்டினால் 90,000 வந்தது. நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 காசு. ஆக 1,800 புள்ளி, 450 ரூபாய். 450 ரூபாய் பரிசுக்கு 1,770 ரூபாய் நுழைவுச் சீட்டு! பொருட்காட்சியில் வளையம் எறிகிற கடைக்காரர்கூட இவ்வளவு துணிய மாட்டார்.

சரி, இந்த முறை நாமே கேட்டுவிடலாம் என்று ஸ்பீக்கரில் ஃபோன் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா பேரைச் சொல்லி, பிறந்த தேதி சொல்லி, கேட்க வந்ததைத் தெளிவாகக் கேட்டார். "கார்டு எனக்கு வேணுமுங்க. கட்டணத்தை மட்டும் தள்ளுபடி பண்ண வழியிருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன்." செலவு இலக்கை எட்டவில்லை, வழியில்லை என்று பதில் வந்தது. நான் அவசரமாக ஒரு துண்டுச் சீட்டில் 'மூடச் சொல்லுங்க' என்று எழுதி நீட்டினேன். படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

"ஏன் பெரியப்பா? அந்த ஒரு வார்த்தை சொன்னா போதுமே!"

"மூடற எண்ணமே இல்லாம மூடுன்னு எப்படிக் கண்ணு சொல்றது? அவங்க நெசமா நம்பி மூடிட்டா என்ன பண்றது?"

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் அதே கார்டுக்கு, வருடத்தில் 60,000கூடச் செலவு செய்யாத எனக்கு, முழுக் கட்டணமும் திரும்பியிருந்தது. ஜிஎஸ்டியோடு. அவர் என்னைவிட 30,000க்கும் மேல் அதிகம் செலவு செய்தவர். எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே வித்தியாசம், நான் பொய் சொன்னேன், அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஒப்பணக்கார வீதியில் சில கடைகளில் 'கறார் விலை' என்று பலகை இருக்கும். அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை, கடைக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டு தப்படி தள்ளி பிளாட்பாரத்தில் 300 என்பதை 120க்குக் கேட்கலாம். அங்கே பேரம்தான் விதி என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரண்டிலும் குறை கிடையாது. நீங்கள் மட்டும்தான் முன்வாசலில் கறார் விலைப் பலகையை மாட்டிவிட்டு, பின்கட்டில் பேரம் நடத்துகிறீர்கள். பின்கட்டுக்கு வழி தெரிந்தவன் 1,770 மிச்சம் பிடிக்கிறான். தெரியாதவனும், தெரிந்தும் வாய் வராதவனும் கட்டுகிறார்கள்.

உங்கள் பக்கக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஏஜென்ட் கமிஷன், வரவேற்புப் பரிசு என்று நிறையக் கொடுக்கிறீர்கள். இருப்பவரைத் தக்கவைக்க 1,500ஐ விட்டுக்கொடுப்பது லாபம்தான். நாங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடமிருந்து ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. பாக்கி வைப்பவர்களிடம் மாதம் மூன்றரை சதவீதம், அதற்கு மேலும் வட்டி வருகிறது. அப்படிப் பாக்கியை உருட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு உங்கள் தொழிலில் 'ரிவால்வர்' என்று பெயராம். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைப் பெயர் வைத்தவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் சொன்னால் எல்லோரும் கேட்பார்களே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடிகிறதென்றால் அந்தக் கட்டணம் எதற்கு இருக்கிறது? கொடுக்க முடியாதென்றால் எனக்கு எந்தக் கணக்கில் கொடுத்தீர்கள்?

செலவு இலக்கையாவது பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறீர்கள், அது நல்லது. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டுக்குக் கட்டணம் 999, இரண்டு லட்சம் செலவு செய்தால் இல்லை. படிக்கிற யாருக்கும் புரியும். ஆனால் அந்த இலக்கும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆக்சிஸ் மேக்னஸ் கார்டுக்கு 2023 செப்டம்பரில் கட்டணம் 10,000த்திலிருந்து 12,500 ஆனது; தள்ளுபடிக்கான செலவு 15 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்குப் போனது. ஐசிஐசிஐ வங்கி 2024 நவம்பரிலிருந்து வாடகை, கல்விக் கட்டணம், அரசுக்குக் கட்டுவது மூன்றையும் தள்ளுபடிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுவது உங்கள் உரிமை, முன்கூட்டிச் சொல்லித்தான் மாற்றுகிறீர்கள். விதியை இறுக்குவதற்கு மின்னஞ்சல் வருகிறது. விதியைத் தளர்த்துவதற்கு மட்டும் ஏன் வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொடுத்த கார்டு நெறிமுறையைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். வட்டி விகிதமும் ஆண்டுக் கட்டணமும் ஒரே அளவு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்கிறது. கட்டணத்தை மாற்றினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்கிறது. பாக்கி இல்லாமல் ஒருவர் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. தபாலில் எழுதி அனுப்பு என்று அலைக்கழிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வெளியே போகிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. உள்ளேயே இருக்க விரும்புகிறவர் என்ன விலைக்கு இருக்கிறார், பக்கத்தில் இருப்பவர் என்ன விலைக்கு இருக்கிறார் என்பதைப் பற்றி அதில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

பிரிட்டனில் வீடு, வண்டி இன்சூரன்ஸில் இதே நோய் இருந்தது. புதிதாக வருபவருக்குக் குறைந்த பிரீமியம், வருடக்கணக்காக இருப்பவருக்கு ஏறிக்கொண்டே போகும். ஃபோன் செய்து சண்டை போட்டால் இறங்கும். அங்குள்ள நிதி நடத்தை ஆணையம் 2022 ஜனவரி முதல் அதற்குத் தடை போட்டது: புதுப்பிப்பவரிடம், அதே வழியில் புதிதாக வருபவரிடம் கேட்பதைவிட அதிகம் கேட்கக் கூடாது. நம் ஊரில் வீட்டுக் கடனில் பார்த்திருக்கிறோமே. வட்டி இறங்கினாலும் பழைய கடன்காரருக்கு இறங்காது, வேறு வங்கிக்கு மாற்றப் போகிறேன் என்று கடிதம் எடுத்துக்கொண்டு போனால் இறங்கும். 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியில் புதிதாகத் தரும் வீட்டுக் கடனை, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிப்போட்ட பிறகு அந்த மிரட்டலுக்கான தேவை கொஞ்சம் குறைந்தது. ரிசர்வ் வங்கியில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த வரி அவர்களுக்கும்தான்.

தள்ளுபடியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: இந்த வருடம் கணக்கில் சேர்ந்த உங்கள் செலவு இவ்வளவு, இலக்குக்கு இன்னும் இவ்வளவு, இன்ன செலவுகள் சேரவில்லை. சில வங்கிகள் ஆப்பில் ஏற்கெனவே இதில் பாதியைக் காட்டுகின்றன. பெரியப்பா ஆப் வைத்துக்கொள்ளாதவர். மூடப் போகிறவரிடம் சொல்வதற்கென்று ஒரு ஆஃபர் இருந்தால், மூடாமல் இருப்பவர் கண்ணிலும் அது படட்டும். ஐந்து வருடம் தவணை தவறாதவருக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தால்கூட அது ஒரு விதி. இலவசக் கார்டுக்கு மாறிக்கொள்ளும் வசதி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வழி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஃபோன் ஆனது, நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள்.

ஃபோன் எடுக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. "முடியாது" என்று முதலில் சொல்ல வேண்டும், "மூடு" என்றால் மட்டும் வேறு திரைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அவர்கள் இல்லை. ஒருமுறை ஒரு பெண், பாட்டுக்குப் போடுவதற்கு முன்பு குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க மூடணும்னு சொல்லுங்க, சொன்னாத்தான் எனக்கு அந்த ஆப்ஷன் வரும்" என்றாள். தன் நிறுவனத்துக்கு எதிராக ஒரு வாடிக்கையாளருக்குப் பொய் சொல்லிக்கொடுக்கும் நிலைமையில் அவளை வைத்திருக்கிறீர்கள்.

2024 தொடக்கத்திலேயே இந்த நாட்டில் பயன்பாட்டில் உள்ள கிரெடிட் கார்டுகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. அதில் எத்தனை பெரியப்பாக்கள் என்று உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எங்கள் பெரியப்பாவின் கார்டு ஆண்டு வரும் கார்த்திகையில் முடிகிறது. இந்த முறை அவரே ஃபோன் செய்து மூடச் சொல்லப் போகிறார். பத்து நாளாகக் கோப்பை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்திருக்கிறார். 600 புள்ளி மிச்சம் இருந்ததை மாற்றி ஒரு வவுச்சரும் வாங்கியாயிற்று. போகிறவர்களைத் தக்கவைக்கும் உங்கள் ரிட்டென்ஷன் பிரிவுக்கு அழைப்பு போகும், தேன் குரலில் ஆஃபர் வரும், எனக்குத் தெரியும். அவர் எண்ணமில்லாத எதையும் சொல்லுகிறவர் இல்லை. ஆகவே பாட்டுப் போட்டுக் காக்க வைக்க வேண்டாம்; ஏழு வேலை நாளை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தன் மூன்று கார்டுக்கும் இதுவரை கட்டணம் கட்டாத ஒரு கணக்குப்பிள்ளை,
கோயம்புத்தூர்