மூன்று கேசட்டுகள் மட்டும் மிச்சம்

என் வீடியோ கேசட் வாடகைக் கடையைக் காலி செய்து நாலு நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடுகிறது. காலி செய்யக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு சாமான் ஏற்றிவந்த தம்பி, அட்வான்ஸைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தந்த கட்டடக்காரர், ரேக்குகளைக் கழற்றிய ஜெராக்ஸ் கடைப் பிள்ளைகள், டீ அனுப்பிக் கணக்கெழுதாத அக்கா, எல்லாருக்கும் என் கும்பிடு.

மெக்கானிக் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நான் கடை போட்ட காலத்தில், ஒரு ராத்திரிக்கு டிவி, கேசட் ஓட்டும் டெக்கு, மூணு படம் என்று வாடகைக்கு எடுப்பார்கள். நடு ராத்திரியில் டெக்கு மக்கர் பண்ணினால் சைக்கிளில் ஓடுவது அவர்தான். 1993இல் சன் டிவி வந்ததும் தொழில் ஆட்டம் கண்டது. அதற்கு முன்பே, தெருவுக்குக் கேபிள் இழுத்தவருக்குப் படக் கேசட் கொடுத்தவன் நான். சொந்தச் செலவில் சூனியம்! அப்புறம் விசிடி, டிவிடி, மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது என்று உருட்டினேன். 2016இல் ஜியோ வந்தது, அதுவும் போச்சு.

பரணில் ஒரு அட்டைப்பெட்டி. காப்பி போடக் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராத கல்யாணக் கேசட்டுகள், பதினாலு. லேபிளில் மை அழிந்து பேர் தெரியவில்லை. காயலான் கடைக்கு எடுத்து வைத்துவிட்டேன். யாரும் சொல்லாமலே மஞ்சப்பையோடு வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதப் போய் போடுறியேப்பா" என்றார். அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாக ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றினார். டேப் ஓரத்தில் மாவு தூவியதுபோல் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிட் தொட்ட துணியை டேப்பில் வைத்து, சுண்டுவிரலால் சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கண் ஆபரேஷன் ஆன மனுஷன்! இரண்டு நாள் ஆனது. பிறகு தன் பழைய டெக்கில் போட்டு முகம் பார்த்தார். "இது மச்சுவாடி மாவுமில்லுக்காரர் வீடு", "இந்தப் பொண்ணு இப்ப பாட்டி ஆயிருச்சு" என்று பதினொரு வீட்டைக் கண்டுபிடித்தார். கொண்டுபோய்க் கொடுத்ததும் அவரே, அதே சைக்கிளில். ஒரு வீட்டில் அந்த அம்மா, இறந்துபோன தன் அப்பா பந்தியில் பரிமாறுவதைப் பார்த்துவிட்டு இவருக்கு இலை போட்டுச் சாப்பாடு வைத்தாராம். என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

முப்பது வருஷம் வாடகைக்கு விட்டதில் எதுவும் என்னுடையதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மிச்சம் மூன்று கேசட்டை என் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மாட்டேன். ஒன்றில், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு பையன் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே தூங்கி விழுகிறான். இரண்டாவதில் மணமேடைக்கு எதிரே ஒரு பச்சை அம்பாசடர் நிற்கிறது. மூன்றாவதில் பெண்ணின் பாட்டி கேமராவைப் பார்த்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். உங்கள் வீடாக இருந்தால் வாருங்கள். மெக்கானிக் அண்ணன் வீட்டில் டெக்கு இருக்கிறது, ஓட்டிப் பார்த்தே வாங்கிக்கொள்ளலாம்.