செவ்வாய்க்கிழமைப் படம்

மினியாபொலிஸ்
3.4.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதாததைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. தபால்காரரைக் கண்டால் அம்மா வாசலுக்கு வந்து நிற்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினாலும் உங்களுக்குக் காதில் சரியாக விழாததால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துவிடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா.

அங்கே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இங்கே சாலையோரம் தள்ளிவிட்ட பனி இன்னும் அழுக்கேறிக் கரையாமல் கிடக்கிறது. குளிரில் தயிர் உறைவதே இல்லை என்று அம்மாவிடம் முன்பு சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். பாலில் உறை ஊற்றி ஓவனுக்குள் வைத்து, சூடேற்றாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலையில் கட்டித் தயிர். அம்மாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், என் சாப்பாட்டைப் பற்றிய கவலை பாதி குறையும்.

அமெரிக்காவில் நம் கடை மாதிரி வீடியோ கேசட் வாடகைக் கடைகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். கடைகள் உண்டு, கேசட் இல்லை. எல்லாம் டிவிடிதான். தியேட்டருக்கு வந்த படம் மூன்று நான்கு மாதத்தில் டிவிடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. வருகிற நாள் செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் புதுப் படத்துக்கு வெள்ளிக்கிழமை எப்படியோ, இங்கே வீட்டில் பார்க்கிற படத்துக்குச் செவ்வாய் அப்படி. நீங்கள் தஞ்சாவூர் கடைசி பஸ்ஸுக்காக டைம்கீப்பர் அறையில் காத்திருந்து, சாக்கில் கட்டிய கேசட் பார்சலை வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவீர்கள். செவ்வாய் வந்தால் எனக்கு அந்தச் சைக்கிள் மணி நினைவு வருகிறது.

நெட்ஃப்ளிக்ஸ் என்று ஒரு நிறுவனம் டிவிடியைத் தபாலிலேயே அனுப்புகிறது. சிவப்பு உறையில் வரும். பார்த்துவிட்டு அதே உறையில் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தால் போதும், அடுத்த படம் வந்துவிடும். ஒரே சமயத்தில் மூன்று படம் வைத்துக்கொள்ள மாதம் 17 டாலர். தாமதத்துக்கு அபராதம் கிடையாது. நமக்குத் தர வேண்டிய பாக்கியெல்லாம் எழுதிவைத்த நீல நோட்டை நினைத்துக்கொண்டேன். சென்ற மாதத்தோடு நெட்ஃப்ளிக்ஸை நிறுத்திவிட்டேன். வேறொன்றுமில்லை, பார்க்க நேரம் கிடைப்பதில்லை. மளிகைக் கடை வாசலில் ரெட்பாக்ஸ் என்று ஒரு சிவப்பு இயந்திரம் இருக்கிறது, ஓர் இரவுக்கு ஒரு டாலர்தான். பொது நூலகத்தில் அதுவும் வேண்டாம், இலவசமாகவே தருகிறார்கள். டிவி தொடர்கள்கூட ஓராண்டுக்கான பகுதிகள் மொத்தமும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. இப்போதெல்லாம் பகலிலேயே நூலகத்துக்குப் போய்வருகிறேன், நடந்தே போகலாம். காரை விற்றுவிட்டேன் என்று அம்மா பதற வேண்டாம். பனியில் கார் ஓட்டுவதைவிட பஸ் எவ்வளவோ பத்திரம்.

இந்த வாரம், அதாவது மார்ச் 31 அன்று, மூன்று பெரிய படங்கள் வந்தன. வில் ஸ்மித் நடித்தது ஒன்று, ஒரு நாயும் ஒரு குடும்பமும் வருகிற படம் ஒன்று. மூன்றாவது, நம் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த ஸ்லம்டாக் மில்லியனர். நவம்பரில் இங்கே தியேட்டருக்கு வந்தபோது நான் போகவில்லை. நூலகத்தில் பெயர் கொடுத்து வரிசையில் காத்திருக்க மனம் வராமல் ரெட்பாக்ஸுக்குப் போய் ஒரு டாலர் கொடுத்து எடுத்துவந்தேன்.

அதைப் பார்த்தது என் வீட்டில் அல்ல, கீழ் வீட்டுப் பாட்டியின் வீட்டில். அவரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். காது அறவே கேட்காது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளோடு வரும் விளம்பரத் தாளில் அந்த வாரம் வரும் படங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பார். படம் ஓடும்போது கீழே வசனம் எழுத்தாக ஓடும் அல்லவா, அதைப் படித்துக்கொண்டே பார்ப்பார். ஒலியை முழுவதும் குறைத்துவிடுவார், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாம். அதனால் அவர் வீட்டில் நான் பார்த்த படங்கள் எல்லாமே ஊமைப் படங்கள்தான். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு ஒன்று சமைப்பார், நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்தபின் எனக்காகக் காளான் போட்டுத் தனியாகச் செய்துவைக்கிறார். நான் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், கண்ணில் நீர் வர வரக் குடிக்கிறார்.

ஜூன் 12 முதல் இங்கே ஆன்டெனாவில் பிடிக்கும் பழைய டிவி எதிலும் படம் வராது. பெரிய நிலையங்கள் எல்லாமே டிஜிட்டலுக்கு மாறுகின்றன. பழைய டிவியோடு இணைக்க ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே வீட்டுக்கு இரண்டு கூப்பன் தருகிறது, ஒவ்வொன்றும் 40 டாலர். பாட்டிக்குக் கூப்பன் எழுதி வரவழைத்துப் பெட்டியை மாட்டிக்கொடுத்தது நான்தான். அங்கே அரசாங்கம் நமக்குக் கலர் டிவியையே கொடுத்திருக்கிறது என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. அம்மா அந்த டிவிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்த போட்டோவைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

படத்துக்கு வருகிறேன். கதை மும்பையில் நடக்கிறது, மூன்றில் ஒரு பங்கு இந்தியில். இது உன் மொழியா என்று பாட்டி எழுதிக் காட்டினார். இல்லை என்று தலையசைத்தேன். பாட்டு வந்தது. திரையில் வசனம் வருகிற இடத்தில் இசைக்குறி மட்டும் நின்றது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் ஒலியை முழுவதும் கூட்டிவிட்டேன். அலமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன. பாட்டி எழுந்து வந்து டிவி பெட்டியின் தலையில் உள்ளங்கையை விரித்துவைத்தார். பாட்டு முடியும்வரை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஆஸ்கர் கொடுத்த பிப்ரவரி 22 இரவும் அவர் வீட்டில்தான் இருந்தேன். மேடையில் ரஹ்மான் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்றார். ஒலி இல்லாததால் நான் அதைக் கேட்கவில்லை, மறுநாள்தான் கேட்டேன். அத்தனை பெரிய மேடையில் தமிழ் ஒலித்த நேரத்தில் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் என் காதில் விழவில்லை. இன்றும் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அப்பா. பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் ஒலியைக் குறைக்க விட்டிருப்பீர்களா? நம் கடையில் ஒரு படத்தைக்கூட யாரும் தனியாகப் பார்த்ததில்லை. டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்தால் தெருவே பாயோடு வந்துவிடும். டெய்லர் மாமா சிரிப்புக் காட்சிக்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். கோடி வீட்டு அத்தை அழுவதைப் பார்த்துத்தான் நாங்கள் அழுவோம். இங்கே படம் முடிந்தால் மாடியேறி வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். அந்த நேரத்தில்தான் நம் ஊர்க் கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு யார் யார் வந்திருப்பார்கள், யார் தோளில் யார் உட்கார்ந்து வெண்ணெய் எறிந்திருப்பார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

சரி, வீட்டு விஷயம். கடையைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடுவதில் எனக்குச் சம்மதம். முன்பணத்தை அப்படியே அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எடுத்துவையுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். கூரை ஓடு மாற்ற இந்த மாதம் பாதிப் பணம் அனுப்புகிறேன், மீதி ஜூனில். அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் இப்படி. வேறு காரணம் இல்லை.

வைகாசியில் காதுகுத்து என்று அக்கா எழுதியிருக்கிறாள். என் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? வைகாசியில் எனக்கு விடுப்புக் கிடைக்காது. தை மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அத்தானிடம் நீங்களே பக்குவமாகக் கேளுங்கள். முடியாது என்றால் பெரியப்பா மகன் மடியில் உட்காரவையுங்கள், வருத்தப்பட மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. தை மாதத்துக்கே கேளுங்கள் அப்பா. தோடும் வேட்டி துண்டும் நான் கொண்டுவருகிறேன்.

கடையிலுள்ள கேசட்டுகளைப் பழைய பிளாஸ்டிக் விலைக்குப் போடும் முன், அக்கா கல்யாணக் கேசட்டை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், நேராக டெக்கில் போட்டுவிட வேண்டாம். நீங்கள் மூடியைத் திறந்து, பென்சிலை விட்டுச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பஞ்சால் துடைப்பீர்களே, அப்படித் துடைத்துவிட்டுத் தஞ்சாவூரில் டிவிடியாக மாற்றக் கொடுங்கள். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த அமெரிக்கக் கேசட் நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருண்டதே, அந்தத் தொல்லை இதில் இருக்காது, என் கணினியில் ஓடிவிடும். பந்தலில் தாத்தா பன்னீர்ச் சொம்போடு நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று அழைப்பது அதில்தான் இருக்கிறது. அவர் குரல் வேறெதிலும் இல்லை.

இரண்டாவது பீரோ, மேல் தட்டு, இடக்கோடியில் பச்சை அட்டை போட்டது. ரீவைண்ட் செய்துதான் வைத்தேன்.

அன்புடன்,
தங்கள் மகன்