அன்று இன்வெர்ட்டரில் சார்ஜ் இருந்தது

தம்பி,

உன் கீபோர்டை நேற்று கூரியரில் போட்டுவிட்டேன். கவிழ்த்துத் தட்டினேன், முறுக்குத் தூள் கொட்டியது. வலது அம்புக்குறி வழுவழு என்று தேய்ந்து, அம்பையே காணோம்.

சூப்பர் மரியோ கேமை நிஃப்ட்ஸ்கி 4 நிமிஷம் 54.631 நொடியில் முடித்த வீடியோவைப் போன வாரம்தான் முழுசாகப் பார்த்தேன். 2023 செப்டம்பரிலேயே நீ அம்மா போனுக்கு அனுப்பியிருந்தாய், அவள் ஏதோ விளம்பரம் என்று விட்டிருக்கிறாள். அவன் இதயத் துடிப்பு திரை ஓரத்தில் எண்ணாக ஓடுகிறது, கடைசிக் கட்டமான 8-4 வந்ததும் எனக்குக் கை வேர்த்துவிட்டது. அவனும் கீபோர்டில்தான் ஆடுகிறான் என்று நீ அடித்துக்கொண்டு சொன்னபோது நான் காதில் வாங்கவே இல்லை. 4:55-க்குக் கீழே முதல் ஆளாக அவன் போனது 2021 ஏப்ரலில், 4:54.948. அங்கிருந்து இங்கே வர கிட்டத்தட்ட இரண்டரை வருஷம், அவன் குறைத்தது 19 ஃபிரேம்தான்.

(மற்றவர்களுக்கு: இது 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். திரையில் நொடிக்கு 60 படம் ஓடும், அதில் ஒரு படம்தான் ஒரு ஃபிரேம். எவ்வளவு வேகமாக முடித்தாலும் 21 ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் அடுத்த கட்டத்துக்கு விடும், பஸ் மாதிரி. கடைசியான 8-4-இல் மட்டும் பஸ் கிடையாது, கோடரியைத் தொட்டதும் கணக்கு முடிந்தது.)

அந்த ஏப்ரல் ராத்திரி என்னை எழுப்பிக் காட்டினாய். "இதுக்கா எழுப்பின?" என்றேன்.

அடுத்த மாதம் ஊரடங்கு. கரண்ட் போய் இருபது நிமிஷம். அப்பாவுக்கு நெபுலைசர் வைக்க வேண்டும். அதற்கு மேல் அப்பா விஷயம் இங்கே வேண்டாம், சித்தப்பா வீட்டில் எல்லாரும் படிப்பார்கள். நீ 8-4 கடைசி அறையில் இருந்தாய். டைமரில் எண்கள் எல்லாம் பச்சை. பச்சை என்றால் முந்துகிறாய் என்று நீதான் சொல்லிக் கொடுத்திருந்தாய், அதனால் எனக்குத் தெரியாது என்று இப்போது சொல்ல முடியாது. ஐந்து நிமிஷத்துக்குள் உன் முதல் ஓட்டம். கடைசி வில்லன் பௌசர் திரையில் வந்தாச்சு. நான் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

இன்வெர்ட்டர் தாங்காது என்று எல்லாரிடமும் சொன்னேன். தாங்கியிருக்கும், விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக வேலைக்குப் போகாமல் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்த கோபம் அது, அன்று அப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டேன். தப்புதான். மன்னித்துவிடு. ஆனால் வீட்டு வாடகையை அப்போது யார் கட்டினார்கள் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? 2016-இல் இதே கேமில் டார்பியன் என்கிற ஆட்டக்காரன் 4:56.878 போட்டதை நாள் பிசகாமல் சொல்வாய், நான் ஆபீஸில் எத்தனை மணிவரை இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கியதற்கு நாலு மாதம் பேசாமல் இருந்தாய், அப்புறம் பெங்களூர் போய்விட்டாய்.

சரி, விடு. சண்டை போட எழுதவில்லை.

வீடியோவில் அவன் முடித்ததும் போடுகிற கத்தல் இருக்கிறதே, அதை மட்டும் நாலைந்து தடவை ஓடவிட்டேன். நீ அன்று கத்தவில்லை. கருப்பான திரையைப் பார்த்துக்கொண்டு, கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல், "அக்கா, ஒரு நிமிஷம்கூட இல்ல" என்றாய்.

பார்சல் வந்ததும் ஒரு மெசேஜ் போடு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு.